அன்னத்தின் கழுத்தில் ஓடிய கீறல்

கேட்கிறவரே, ஒன்று கேட்கிறேன். நெஞ்சில் கைவைத்து விடை தேடுங்கள். பிறர் செய்த பிழையொன்று உங்கள் கண்ணில் படுகிற அந்தக் கணத்தில், ஐயோ, இதைத் திருத்த வேண்டுமே என்ற பதைப்பு எழுவதற்குச் சற்று முன்னால், உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு ஊறுகிறதே, அதை நீங்கள் அறிவீர்களா? எனக்கு ஊறியதே இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கோதண்டபாணியும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ரயில்வேயில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் பிறர் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டியவர். ஓய்வுக்குப் பின்னும் பிழையை விட்டுப் பிரிய மனமில்லாமல், அச்சுப்பிழை விழுந்த பழைய தபால்தலைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். தமக்குப் பிழை என்றால் கோபம் வரும் என்றுதான் அவர் ஆணித்தரமாக நம்பியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலும் அவர் கோபமாகத்தான் இருந்தார்.

மைதாப் பசை! கைகால் நன்றாக உள்ள, மூன்று வேளை சோறு தின்கிற எவனோ ஒருவன், அடுப்பில் மைதாவைக் கிண்டி, விரலால் வழித்து, இந்தத் தபால்தலையின் முதுகில் அப்பி, பழுப்பு அட்டையில் ஒட்டியிருக்கிறான். ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் போயிருப்பான். கோதண்டபாணி பற்களைக் கடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தார். வெள்ளைப் பீங்கான் தட்டு, வெதுவெதுப்பான நீர், நீரில் மிதக்கும் அட்டைத் துண்டு, அட்டையின் மேல் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான சிவப்புத் தலை. இன்று வரைபடத்திலேயே இல்லாமற்போன ஒரு குட்டிச் சமஸ்தானத்தின், அன்னப்பறவை பொறித்த அரையணாத் தலை. நேற்றுத்தான் பெரிய கடைவீதியில் பழைய சாமான் கடையொன்றில், உடைந்த சுவர்க்கடிகாரத்துக்கும் ஒற்றைக் கால் சிலம்புக்கும் நடுவில் கிடந்தது. கடைக்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தான், அவனுக்கு என்ன தெரியும், யாருக்குத்தான் என்ன தெரியும் இந்த ஊரில். அந்தக் காலத்துச் சிவப்பு மை நீரைத் தாங்காது. அதிகம் ஊறினால் கரைந்து வழிந்துவிடும். பசை விட வேண்டும், மை விடக் கூடாது. இரண்டுக்கும் இடையில் மயிரிழை போல ஓர் அவகாசம் வரும், அப்போது இடுக்கியால் பற்றித் தூக்கிவிட வேண்டும். ஆகவே தட்டை விட்டு எழ முடியாது, கண்ணை எடுக்கவும் கூடாது. அடுக்களையிலிருந்து மனைவி வத்சலாவின் குரல் வந்தது. “ஏங்க, இந்தச் சன்னல் மறுபடியும் சாத்த மாட்டேங்குது. கொண்டி சேரவே மாட்டேங்குது, வந்து ஒரு தள்ளு தள்ளுங்களேன்.” ஊறப் போட்டிருக்கிறேன், எழுந்திருக்க முடியாது என்றார். “ஆமா, நான் கூப்பிடறப்பதான் உங்களுக்கு எல்லாம் ஊறும்” என்றாள் அவள். சன்னலை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு மறுபடியும், பிறகு ஒரு சலிப்பு. நீரில் அன்னம் மெல்ல ஆடியது.

பூதக்கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தார். இருக்கிறது. கண்ணுக்குக் கீழே தொடங்கி, அலகைத் தொட்டு, தொண்டையைக் குறுக்கே கடந்து, கழுத்தின் மறுபுறம் வெள்ளையாக வெளியேறும் அந்தக் கீறல். ஐந்தாம் நிலை. கேட்கிறவருக்கு இது விளங்க வேண்டும்: அச்சுத்தகட்டில் ஒரு தலைக்கு நேரே கீறல் விழுந்துவிட்டால், அந்தத் தகட்டிலிருந்து இறங்கும் தாள் ஒவ்வொன்றிலும், அதே மூலையில், அதே தலையில், அந்தக் கீறல் விழுந்தே தீரும். கீறல் வளர்ந்தால் தலையிலும் அது வளரும். முதலில் அன்னத்தின் கண்ணடியில் ஒரு துளி. சேகரிப்போர் அதற்கு வைத்த பெயர் அழுகிற அன்னம். பிறகு துளி வழிந்து அலகு வரை. பிறகு தொண்டையில் பாதி. அதன்பின் ஊரார் கண்ணில் படாதிருக்க யாரோ ஓர் ஆள் தகட்டில் உளிமுனையால் கொத்திக் கீறலை மூடியிருக்கிறான். அது நான்காம் நிலை, திருத்தப்பட்ட அன்னம், தொண்டையில் ஒரு திட்டு. திருத்தத்தையும் கிழித்துக்கொண்டு கீறல் மறுபடி வெளியேறியது ஐந்தாம் நிலை. அதற்கப்பால் ஆறாம் நிலை கிடையாது. தகடு பிளந்து போயிற்று. முதல் நான்கும் அவரிடம் இருந்தன. ஐந்தாவது இந்தத் தட்டில் மிதக்கிறது. தபால்தலைச் சங்கத்துக் கண்காட்சியில் ஐந்தையும் ஒரே பலகையில் வரிசையாக வைத்தால், பார்ப்பவன் ஒரு மரணத்தை முதல் இருமலிலிருந்து கடைசி மூச்சு வரை பார்த்ததாக உணர வேண்டும். இந்த வாக்கியத்தை அவர் பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். சொல்லும்போதெல்லாம் இனித்தது.

எத்தனை கண்கள் பார்த்திருக்கும் அந்தத் தகட்டை! அதை நினைத்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். அச்சுக்கூடத்தில் மை தடவுகிறவன் ஒருவன் இருந்திருப்பான். காலையில் தகட்டைத் துடைக்கும்போது துணியில் ஒரு நூல் சிக்கியிருக்கும். குனிந்து பார்த்திருப்பான், நகத்தால் தடவியிருப்பான், தெரிந்திருக்கும். தெரிந்தும் துணியை உதறிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பான், ஏனென்றால் அவன் வேலை மை தடவுவது. மேற்பார்வையாளன் பார்த்திருப்பான். அரையணா அன்னம், யார் கண்ணாடி போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றிருப்பான். திவான் அலுவலகத்தில் ஒருவன் பார்த்திருப்பான், விடுமுறை முடியட்டும் என்றிருப்பான். ஒவ்வொருவனும் பார்த்தான், ஒவ்வொருவனும் நகர்ந்தான், தகடு மட்டும் நகராமல் அதே இடத்தில் கிடந்து பிளந்துகொண்டே இருந்தது. அயோக்கியர்கள். தபால்தலைச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் இதைப் பற்றித்தான் அவர் பேசினார். பேச்சின் நடுவில் தாமே புனைந்த கதையொன்றும் சொன்னார். கொள்ளிடத்தில் வெள்ளம் போகிற நாளில் ஒரு படகு கிளம்பிற்று. நடுவாற்றில் பலகையில் ஒரு துளை கண்டது. துளை வழியே நீர் குதித்து எழுந்தது, வெயில் பட்டு ஏழு வண்ணமாகச் சிதறியது. அதன் பக்கத்தில் அமர்ந்திருந்த பயணி ஒருவன், ஆகா, என்ன அழகு என்று இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டபோது, இப்போது இன்னும் அருகிலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தான். மண்டபமே சிரித்தது. கைதட்டல் ஓய நேரமாயிற்று. அந்தப் பயணியாக இராதீர்கள் என்று விரலை நீட்டி முடித்தார் கோதண்டபாணி. யாரை நோக்கி நீட்டினார்? முன்வரிசையில் தணிகாசலம் இருந்தான், அழைப்பின் பேரில் வந்து, போண்டாவைத் தின்றபடி. ஆம், அவனை நோக்கித்தான் நீட்டினார்.

தணிகாசலம். பெயரை நினைத்தாலே வாயில் கசப்பு. இந்த ஸ்ரீவைபவம் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். உறையூரில் நாலு தெருவுக்கு அவனைத் தெரியும். வணக்கம் போடுவதிலேயே வாழ்ந்து முடித்துவிடுவான். கீழே வண்டி நிறுத்தும் தளத்தில் வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. சுவரே கிடையாது, மொத்தக் கட்டடமும் அவற்றின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதில் கிழக்கு மூலைத் தூணில், கோதண்டபாணியின் வீட்டுக்கு நேர் கீழே, ஒரு விரிசல். அதை முதலில் கண்டவர் அவர்தான். நாளிதழ் எடுக்கப் போனவர் கண்டார். மயிரிழை போல, இடுப்புயரத்தில், சாய்வாக. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவருடையது பிழைக்குப் பழகிய கண். மேலே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி எழுதினார். ஒரு பௌர்ணமி கழிந்து பார்த்தால் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. அடுத்த கோடு. அடுத்த தேதி. கைபேசியில் ஒரு படம். விரிசலின் உதடுகளில் துருவின் கறை காவி நிறத்தில் கசிந்தபோது இன்னொரு படம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், டொக்கென்று வெற்றோசை எழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதி, வெளிப்பூச்சைத் தள்ளுகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அக்கிரமம். இரண்டாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்தது, வாங்குபவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று, தணிகாசலம் ஒரு கொத்தனைக் கூட்டிவந்து, விரிசலில் வெள்ளைச் சிமெண்டைத் திணித்து, மேலே சந்தன வண்ணம் பூசி, தூணை மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிட்டான். மாடிப்படியில் வைத்துக் கேட்டார் கோதண்டபாணி. உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கு தணிகாசலம், மேல பூசி மறைக்கிறது தப்பு என்றார். “துரு எங்க வீட்டு கேட்லயும்தான் சார் இருக்கு, அது என்ன விழுந்துருச்சா?” என்றான். “வீடு பாக்க ஆளு வர்ற நேரத்துல நாலு பேரைப் பயமுறுத்தாதீங்க. நீங்க தபால்தலையைப் பாருங்க, தூணை நாங்க பாத்துக்கறோம்.” படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது மாடி அம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோதண்டபாணி விடுவிடென்று மேலே வந்து கதவை அறைந்து சாத்தினார். கதவு சட்டத்தில் இடித்து நின்றது, முழுவதும் சாத்தவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பொய்யைப் பூசி விற்கிறவன். மனித உயிரைவிட ஒரு வீட்டு விலை பெரிதாகப் போயிற்று அவனுக்கு. இப்படியெல்லாம் அன்றிரவு உணவின்போது வத்சலாவிடம் பொரிந்து தள்ளினார். சாம்பார் ஆறியது. “அப்ப நாலு பேரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதுதானே, என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது?” என்றாள் அவள். சொல்லத்தான் போகிறேன் என்றார். சொன்னாரா? இதோ தட்டில் அட்டையின் ஓரத்தில் நீர் ஏறிக் கருக்கிறது, தபால்தலையின் ஓரப் பல் ஒன்று லேசாகத் தூக்குகிறது, இன்னும் கொஞ்ச நேரம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கேட்கமாட்டார்கள், சிரிப்பார்கள், அதனால். இல்லையில்லை, சரியான நேரம் வரட்டும் என்று. எந்த நேரம்? ஊறட்டும், நன்றாக ஊறட்டும், அவசரப்பட்டால் கிழிந்துவிடும். மனம் அந்த இடத்துக்கு வந்ததும் முள்ளில் மாட்டிய வேட்டி போல நின்றது. அவர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. தணிகாசலம் பூசியபோது எனக்கு ஏன் அத்தனை கோபம்? உயிருக்கு ஆபத்து என்றுதானே? அப்படியானால் பூசுவதற்கு முன்பு எங்கே போயிருந்தது அந்தக் கோபம்? முதல் கோடு போட்ட நாளில் இல்லையே. துரு கசிந்த நாளில் இல்லையே. அன்றெல்லாம் மாடியேறும்போது சீட்டியடித்துக்கொண்டல்லவா ஏறினேன். பூசிய பின்தான் கொதித்தேன். எதற்காக? என் பென்சில் கோடுகளை அழித்துவிட்டானே என்பதற்காக! எவ்வளவு நாள் உழைப்பு, ஒழுங்காக நிலை நிலையாகக் குறித்துவைத்ததைக் கொத்தனின் கரண்டி ஒரே இழுப்பில் விழுங்கிவிட்டதே என்பதற்காக. சேகரித்த பொருளைக் கெடுத்துவிட்டான் என்ற கோபம் அது. மைதாப் பசை ஒட்டியவன்மேல் வருகிற அதே கோபம். அளவில்கூட வித்தியாசம் இல்லை.

சீ, அப்படி இல்லை என்று தலையை உதறினார். நீரில் ஓர் அலை ஓடிற்று. தபால்தலையின் இரண்டு மூலைகள் அட்டையை விட்டிருந்தன. மெல்லிய இளஞ்சிவப்பு ஒன்று, புகை போல, விளிம்பில் தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. கண்ணைக் கூர்த்தார். அப்படியானால் முந்தாநாள் காலை? அதை நினைக்க வேண்டாம் என்று மனம் முகத்தைத் திருப்பியது. அவர் விடாமல் அதன் மோவாயைப் பிடித்துத் திருப்பினார், தணிக்கைக்குப் போன இடத்தில் குமாஸ்தாக்களைத் திருப்பியதுபோல. முந்தாநாள் காலை நாளிதழ் எடுக்கப் போனேன். சந்தன வண்ணத்தில், கழுத்துயரத்தில், புதிதாக, வெள்ளை வெளேரென்று, பூச்சைக் கிழித்துக்கொண்டு விரிசல் மறுபடி வந்திருந்தது. தூணின் ஒரு முகத்தில் தொடங்கி விளிம்பைச் சுற்றி அடுத்த முகத்துக்கும் போயிருந்தது. பூச்சு ஒரு கையகலம் உப்பி நின்றது. அப்போது எனக்கு என்ன தோன்றியது? சொல். பயமா தோன்றியது? தணிகாசலத்தின் மூக்கறுந்தது என்ற திருப்தியா? அதுவும் இருந்தது, ஆனால் முதலில் வந்தது அதுவல்ல. ஐந்தாம் நிலை! இதுதான் தோன்றியது. திருத்தத்தைக் கிழித்துக்கொண்டு வருகிற கீறல், அன்னத்தில் இத்தனை வருடமாகத் தேடிக் கிடைக்காதது, இதோ என் வாசலிலேயே. சிரித்தேன். தனியாக நின்று, ஒரு தூணின் முன்னால், பல் தெரியச் சிரித்தேன். பென்சிலைத் தேடிப் பையைத் துழாவினேன். ஐந்தாம் நிலைக்கு அப்பால் அன்னத்துக்கு என்ன நிலை என்று எனக்கா தெரியாது? சங்கத்திலேயே என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? “ஏங்க,” என்றாள் வத்சலா அடுக்களையிலிருந்து, “போன மாசம் குளியலறைக் கதவை இழைச்சோம், வாசக்கதவு இடிக்குது, இப்ப இந்தச் சன்னல். வீடே கோணிக்கிச்சா என்ன?” விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் தட்டிலிருந்து கண்ணெடுத்து, முழுவதும் சாத்தாத வாசல்கதவைப் பார்த்தார்.

அப்போதுதான் சன்னலுக்குக் கீழேயிருந்து பேச்சு ஏறி வந்தது. தினமும் வருகிற பேச்சுதான். கரிப்பெட்டியின் வாசனையோடு, ஈரத்துணி தீய்கிற மணத்தோடு வருவது. தூணை ஒட்டித் தள்ளுவண்டியை நிறுத்தி இஸ்திரி போடுகிறவள் மரியபுஷ்பம். வெயில் அண்டாத மூலை என்று அவள் அதைப் பிடித்துவைத்திருந்தாள். வாய்க்காரி. அவர் பென்சிலும் கண்ணாடியுமாகக் குனிந்து நிற்கும்போதெல்லாம், “என்ன சார், தூணுக்கு ஜாதகம் கணிக்கிறீங்களா? எப்ப கல்யாணம்னு சொல்லுங்க, வேட்டி நான் தேச்சுத் தரேன்” என்பாள். அவரும் சிரித்துவிட்டுப் போவார். இப்போது அவளிடம் கீரைக்காரி பேசிக்கொண்டிருந்தாள். “ஏங்க்கா, இந்தத் தூணு இப்படி வெடிச்சுக் கெடக்கே. இதுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறியே, பயமா இல்ல?” என்றாள் கீரைக்காரி. மரியபுஷ்பம் சிரிப்பது கேட்டது. “போடி பைத்தியக்காரி. மேல்வீட்டு சாரு தெனம் பூதக்கண்ணாடி வச்சுல்ல பாக்குறாரு! படிச்ச மனுசன், பெரிய ஆபீசரா இருந்தவரு. ஆபத்துன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டாரா? முந்தாநாளுகூட நின்னு பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே போனாரு. நா வண்டிய அந்தப் பக்கம் போட்டுரலாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அவரு சிரிச்ச மொகத்தப் பாத்ததும் சரின்னு விட்டுட்டேன்.” இஸ்திரிப்பெட்டி வண்டியின் இரும்பில் உட்கார்ந்த சத்தம், ணங்கென்று, தூண் வழியாகவோ காற்று வழியாகவோ ஏறிவந்து அவர் உள்ளங்காலில் பட்டது.

அவரு சிரிச்ச மொகத்தப் பாத்ததும். கோதண்டபாணி அசையவில்லை. கை இடுக்கியைப் பிடித்தபடி தட்டின் மேல் அந்தரத்தில் நின்றது. தணிகாசலத்தின் பூச்சை நம்பி அவள் அங்கே நிற்கவில்லை. சிமெண்டை நம்பவில்லை, சந்தன வண்ணத்தை நம்பவில்லை. என் முகத்தை நம்பி நிற்கிறாள். அவன் பூசியது தூணின் மேல், நான் பூசியது அவள் அச்சத்தின் மேல். அவன் பூச்சு உதிர்ந்துவிட்டது, என் பூச்சு இன்னும் கெட்டியாக நிற்கிறது. கேட்கிறவரே, எத்தனையோ பேரைத் திட்டிய வாய்க்குச் சொந்தக்காரர் அவர். பிறரைத் திட்ட வைத்திருந்த சொற்கள் அனைத்தும் திரும்பிவந்து அவர் மேலேயே விழுந்தன. மை தடவுகிறவன் நான். மேற்பார்வையாளன் நான். விடுமுறை முடியட்டும் என்றவன் நான். அவர்களாவது கீறலை நேசிக்கவில்லை, சோம்பலில் விட்டார்கள். நான் ஆசையோடு விட்டேன். வளர்த்தேன். வளர்வதற்கு இடம் விட்டுக் கோடு போட்டேன். படகில் உட்கார்ந்து வண்ணம் பார்த்த பயணியைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாயே, வாங்கும்போது உன் முழங்காலில் தண்ணீர் ஏறியிருந்ததே, தெரியவில்லையா உனக்கு? தெரிந்தது. அதுதான் கேவலம், தெரிந்தே இருந்தது. தூணுக்கு நேர்மேலே நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்து, செத்துப்போன ஒரு தகட்டின் கழுத்துக்காக அழுகிறாய். நீரில் அன்னம் இப்போது மூன்று மூலைகளில் விட்டுவிட்டது. ஒரு மூலை, ஒரே ஒரு மூலை பிடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு, சந்தேகத்துக்கு இடமில்லாமல், நூல் நூலாக இறங்கத் தொடங்கியிருந்தது. இதோ அந்த அவகாசம். இப்போது தூக்கினால் பிழைக்கும். இன்னும் சற்று நேரம், அந்த மூலையும் விடட்டும், ஒற்றுத்தாளில் வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகக் கீழே போய், பக்குவமாக எடுத்துச் சொல்லி… அப்புறம் என்ற அந்தச் சொல்லை அவர் தம் வாயிலேயே பிடித்தார், திருடனைப் பிடிப்பதுபோல. இடுக்கியை வீசினார். அது சுவரில் பட்டு எங்கோ விழுந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. சட்டை போடவில்லை, பனியனோடு, ஒரு காலில் தம் செருப்பும் மறு காலில் வத்சலாவின் செருப்புமாகப் படிகளில் இறங்கினார். கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடிய விரல்களில் ஈரம் இருந்தது.

“என்ன சார், செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு ஓடியாறீங்க?” என்றாள் மரியபுஷ்பம். “தூணுக்கு வலி எடுத்துருச்சா?” கீரைக்காரி கூடையைத் தலைக்குத் தூக்கியபடியே சிரித்தாள். வண்டியை ரோட்டுக்குக் கொண்டு போம்மா என்றார் அவர். “கரி இப்பதான் சார் கனியுது. மூணாவது மாடி அம்மாவுக்குப் பட்டுச்சேல கெடக்கு, இத முடிச்சிட்டு சாயங்காலமா நகத்துறேனே.” சாயங்காலம் வேண்டாம், இப்போ. “நல்லாத்தானே சார் இருக்கு? நீங்கதான் தெனம் பாக்குறீங்களே.” நல்லா இல்லை மரியபுஷ்பம், நான் பார்த்த முதல் நாளிலேருந்தே நல்லா இல்லை என்றார். அவள் சிரிப்பு உடனே போய்விடவில்லை. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் அது தங்கி, வழி தெரியாமல் நின்றது. திரும்பித் தூணைப் பார்த்தாள், அந்த உப்பிய பூச்சை, விளிம்பைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோட்டை, தான் இத்தனை நாள் முதுகு சாய்த்த இடத்தை. பிறகு அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, கணக்கு தப்பிய குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள். “அப்ப ஏன் சார் சிரிச்சீங்க?”

அவர் வண்டியின் சட்டத்தில் கைவைத்துத் தள்ளினார். இரும்பு சுட்டது, விடவில்லை. அவளும் கீரைக்காரியும் மறுபக்கம் பிடித்தார்கள். சக்கரம் ஒரு முனகலோடு உருண்டு, தளத்தை விட்டு வெயிலுக்கு வந்தது. பட்டுச்சேலை சரிந்து மண்ணில் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. நடுத்தெருவில் நின்று, கழுத்தைப் பின்னால் வளைத்து, வாழ்நாளில் அலுவலகத்தில்கூட எழுப்பாத குரலில் கோதண்டபாணி கத்தினார். எல்லாரும் கீழே வாங்க! பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வாங்க! மாடியில் தணிகாசலம் நாளிதழோடு எட்டிப் பார்த்தான். “என்ன சார், லீவு நாளும் அதுவுமா? அந்தத் தூணா? அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வச்சுப் பேசிக்கலாம், இப்ப என்ன குடியா முழுகிருச்சு?” அடுத்த ஞாயித்துக்கிழமை கிடையாது தணிகாசலம், அவனுங்களும் அப்படித்தான் சொன்னானுங்க என்றார். அவனுங்க யார் என்று தணிகாசலத்துக்கு விளங்கியிருக்காது. ஆயினும் அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனுடைய நாளிதழைத் தாழ்த்த வைத்தது. கட்டடம் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்ற வரைக்கும் ஒரு ஆள்கூட மேலே இருக்கக் கூடாது என்று கத்தினார் கோதண்டபாணி. தப்பு என்னுது, பார்த்துட்டுப் பேசாம இருந்தவன் நான், என்னை அப்புறம் திட்டுங்க, முதல்ல இறங்குங்க! கதவுகள் திறந்தன. சில இடித்துக்கொண்டு திறந்தன. மூன்றாவது மாடி அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தாள். முதல் மாடிச் சன்னலில் வத்சலாவின் முகம் தெரிந்தது. “ஏங்க, தட்டுல தண்ணியெல்லாம் செவக்குதே, உங்க தலைய எடுத்து வைக்கட்டுமா?” கோதண்டபாணி ஒரு கணம் கண்ணை மூடினார். மூடிய இமைக்குள் அன்னம் கழுத்தைச் சாய்த்து, நிறம் கழன்று, வெறும் தாளாயிற்று. விடு வத்சலா, எதையும் தொடாதே, நீ இறங்கி வா என்றார். சன்னல் சாத்தப்படாமல் அப்படியே கிடந்தது.

கேட்கிறவரே, தூண் அன்று நின்றதா விழுந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் தினமும் குனிந்து பார்க்கிற விரிசல் ஒன்று உண்டு. எது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு நீங்கள் பெயர் வைத்திருப்பீர்கள், அதன் வளர்ச்சியை நண்பர்களிடம் நயமாக எடுத்துச் சொல்லிப் பாராட்டும் பெற்றிருப்பீர்கள். அதன் அடியில் யாரோ ஒருத்தி உங்கள் முகத்தைப் பார்த்து, பயமில்லை என்று நம்பி, வேலை செய்துகொண்டிருக்கிறாள். எழுந்திருங்கள். ஊறுகிறது ஊறட்டும், கரைகிறது கரையட்டும். செருப்பு மாறினாலும் பரவாயில்லை, இன்றைக்கே போய் அவளிடம் சொல்லுங்கள்.